பிண்ணாக்குக் கூலி

ஆந்திராவில், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு செக்கு மில் நடத்துகிறார். பெயர்தான் மரச்செக்கு, மாட்டுக்குப் பதில் மோட்டார். அங்கே ஊர்க்காரர்கள் ஆட்டுக்கூலியைப் பணமாகக் கொடுப்பதில்லை. வேர்க்கடலைப் பருப்பை மூட்டையாகக் கொண்டு வருவார்கள், ஆட்டி முடிகிறவரை வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், எண்ணெயைத் தங்கள் டின்னில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிண்ணாக்கு மில்லுக்கு. அதுதான் கூலி. மாமா அந்தப் பிண்ணாக்கை மாடு வைத்திருப்பவர்களுக்கு விற்றுக்கொள்வார். இது போக, சொந்தமாகப் பருப்பு வாங்கி ஆட்டி, பாட்டிலில் அடைத்து, திருப்பதிக் கடைகளுக்கு அனுப்புவார். ஒரே செக்கு, ஒரே மோட்டார், ஒரே ஷெட். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது மூன்று தொழில் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டியதுதான் என் பிழைப்பே.

நான் புத்தூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு சின்ன அறை வைத்து, கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். பரீட்சை எழுதி, பதிவெண் வாங்கி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். மாமாவுக்கு நான் எப்போதும் 'ஆடிட்டரம்மா'தான். நான் ஆடிட்டர் இல்லை, அதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "எங்களுக்கு நீதான் பெரிய படிப்பு" என்பார். கொழுந்தியாளைக் கிண்டல் செய்வது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

மில்லைப் பதிவு செய்தபோது இணக்க வரித் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். சின்ன வியாபாரிகளுக்கான திட்டம் அது. மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அதில் ஒரு முள் உண்டு. பொருள் செய்து விற்கிறவர் கூடவே சேவையும் செய்தால், அந்தச் சேவைக்கு ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் திட்டத்தை விட்டு வெளியே வந்து, எல்லாருக்கும் உள்ள வரியைக் கட்ட வேண்டும். இன்னொருவர் பருப்பை ஆட்டிக் கொடுப்பது சேவை. கூலி பணமாக வந்தால் என்ன, பிண்ணாக்காக வந்தால் என்ன, சேவை சேவைதான்.

அன்றைக்கு மாமா கேட்டார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

"ஏம்மா, ஊர்க்காரங்களுக்கு ஆட்டிக் குடுக்கறேனே, அதையும் எழுதணுமா?"

"அதுல காசு கைமாறுதா மாமா?"

"காசு எங்க மாறுது? பிண்ணாக்குதான் நிக்கிது."

"அப்ப அது வியாபாரமே இல்ல. விடுங்க."

இரண்டாவது முறை கேட்டபோது கொஞ்சம் எரிச்சலோடே சொன்னேன். பெரிய ரைஸ் மில்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் சொந்தக்காரரின் சின்னக் கணக்கைப் பேச எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. பிண்ணாக்குக்கு வரி இல்லை என்று சொல்லி, அதை விற்ற கணக்கையும் சேர்க்காமல் விட்டேன். வரி இல்லாத பொருளானாலும் மொத்த வியாபாரத்தில் அது சேரும். முதல் வகுப்புப் பாடம். அவசரத்தில் அல்ல, அலட்சியத்தில் விட்டேன்.

மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் காலை வரி அதிகாரி ஜீப்பில் மில்லுக்கு வந்துவிட்டார். அக்கா போன் செய்து, "யாரோ மேடம் வந்துகிறாங்க, நீ சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னாள். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அதிகாரி கரண்ட் பில்களைக் கட்டாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. மோட்டார் இவ்வளவு கரண்ட் சாப்பிட்டிருக்கிறது, அப்படியானால் இவ்வளவு எண்ணெய் வந்திருக்க வேண்டும், நீங்கள் காட்டியிருப்பது அதில் பாதிகூட இல்லையே, மீதி எங்கே என்று தெலுங்கில் கேட்டார்.

மாமா வாசலைக் காட்டினார். அங்கே வரிசையாக டின்கள் நின்றிருந்தன. ஒவ்வொன்றின் மூடியிலும் பெயின்டில் ஓர் அடையாளம். ஒன்றில் வேல், ஒன்றில் சிலுவை, ஒன்றில் இரண்டு கோடு, ஒன்றில் ஏதோ கட்சிச் சின்னம். அடையாளம் இல்லாவிட்டால் டின் மாறிவிடும், அப்புறம் சண்டை வரும். மீதி எண்ணெய் அந்த டின்காரர்களுடையது என்று மாமா சொன்னார். அதிகாரி அந்த டின்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அதற்கு ஏதாவது பில் இருக்கிறதா என்று கேட்டார். கொழுந்தியாள்தான் கணக்குப் பார்க்கிறாள் என்று மாமா என்னைக் காட்டினார்.

"பில் போடும் வழக்கம் இல்லை மேடம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் எங்களுக்கு இரண்டு வழி சொன்னார். எல்லா எண்ணெயும் மில்லுடையது என்றால், பாதி விற்பனையை மறைத்ததாக ஆகும். வரி, வட்டி, அபராதம் மூன்றும் சேர்ந்தால் மில்லை விற்றாலும் போதாது. மில்லுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரம், அது பேங்கில் அடமானத்தில் இருந்தது. இல்லை, அது ஊரார் எண்ணெய், கூலிக்கு ஆட்டியது என்றால், சேவை வரம்பைத் தாண்டியதற்காகத் திட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். கட்ட வேண்டியதும் உண்டு, ஆனால் தாங்கக் கூடியது. இரண்டாவது வழிக்கு அத்தாட்சி வேண்டும். ஆட்டிக்கொண்டு போனவர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கூடவே, ஏன் இத்தனை வருஷம் இதைக் காட்டவில்லை என்று உரிமையாளர் தன் வார்த்தையில் எழுதித் தர வேண்டும்.

ஊராரின் கையெழுத்து பெரிய விஷயமில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். வருஷக்கணக்கில் வந்து போகிறவர்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறவர்கள். நான் பாரம் அடித்து எடுத்துக்கொண்டேன். 'என் சொந்தப் பருப்பை இந்த மில்லில் ஆட்டினேன், பிண்ணாக்கைக் கூலியாக விட்டேன்.' இவ்வளவுதான் வாசகம். மாமா வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனோம்.

முதல் வீட்டில் மோர் கொடுத்தார்கள். பாரத்தைப் பார்த்ததும் பேச்சு குறைந்துவிட்டது. அந்த வீட்டம்மா மாமாவிடம் தனியாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"கோவிச்சுக்காதப்பா. இதுல நாங்க எவ்ளோ மூட்ட ஆட்டினோம்னு எழுதினா, இவ்ளோ வெளையுதான்னு ரேஷன் கார்ட எடுத்துடுவாங்க. எங்க மாமியாருக்கு பென்ஷன் வர்து. அதுவும் பூடும்."

"அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ் அக்கா" என்றார் மாமா.

"எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்தானப்பா."

கரண்ட் பில்லை வைத்து எண்ணெயைக் கண்டுபிடித்த ஊரில், எண்ணெயை வைத்து ரேஷன் கார்டைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நான் எந்த வாயால் சொல்ல? அடுத்த வீட்டில் ஆள் இல்லை என்றார்கள். உள்ளே ஆள் இருமிய சத்தம் கேட்டது. இன்னொருவர், "உனக்கு ஒண்ணுன்னா உயிரக் குடுப்பேன், கையெழுத்த மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டு, அதைத் தானே ரசித்துச் சிரித்தார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஒரு வாரம் அலைந்ததில் பதினோரு கையெழுத்து கிடைத்தது. அதில் மூன்று கைநாட்டு.

இனி மிச்சம் மாமாவின் கடிதம். அதில்தான் எல்லாம் இருந்தது.

அதிகாரி அதைத் தெலுங்கில் எழுதித் தரச் சொல்லியிருந்தார். மாமா பேசும் தெலுங்கைக் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சந்தையில் அவர் தெலுங்கில் பேரம் பேசினால் தெலுங்குக்காரரே தோற்றுப்போவார். ஆனால் படித்தது நகரிப் பக்கம் தமிழ்ப் பள்ளியில், எட்டாவது வரை. தெலுங்கு எழுத்தில் பஸ் போர்டை மட்டும் பழக்கத்தில் அடையாளம் கண்டுகொள்வார். எங்கள் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் உண்டு. வாய்க்கு இரண்டு பாஷை, கண்ணுக்கு ஒன்று. அதை ஒரு பெண் அதிகாரியிடம் சொல்ல மாமாவுக்குக் கூச்சம். "நீயே எழுதிடும்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். வழக்கத்தை எழுதினேன், பிண்ணாக்கை எழுதினேன், காசு கைமாறாததால் அதை வியாபாரம் என்று நினைக்கவில்லை என்று எழுதினேன். எல்லாம் உண்மை. அடுத்த வரி, அதை வியாபாரம் இல்லை என்று சொன்னது யார் என்பது. கணக்கு எழுதுபவர் அப்படிச் சொன்னார் என்று எழுதினால் மாமாவுக்கு ஒரு கெடுதலும் இல்லை. சொல்லப்போனால் அவருக்கு அது நல்லது. கெடுதல் எனக்குத்தான். பதிவெண்ணை ரத்து செய்ய ஒரு நோட்டீஸ் வரலாம். வராமலும் போகலாம். ஆனால் சித்தூர் வரி ஆபீஸில் ஒரு வார்த்தை கசிந்தால் புத்தூர்க் கடைத்தெருவில் மறுநாள் எல்லாருக்கும் தெரியும். அறுபது கடைக்காரர்கள் என்னிடம் கணக்குக் கொடுக்கிறார்கள். என் மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுக்காரரின் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போகும்.

இதையெல்லாம் நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன்.

நான் எழுதிய வரி இது: கூலிக்கு ஆட்டும் விஷயத்தை என் கணக்கரிடம் நான் சொல்லவில்லை, அவர் கேட்டபோதும் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மாமா வந்தார். காகிதத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரிந்தவர்போல மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இன்னா எழுதிக்கிற?"

"நடந்ததத்தான் மாமா."

"சரி. எங்க போடணும்?"

விரல் வைத்துக் காட்டினேன். தமிழில் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்குச் சித்தூருக்குப் பஸ்ஸில் போனோம். காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஆபீஸில் அந்த அதிகாரி எங்களை எதிரில் உட்காரச் சொல்லி, பதினோரு கையெழுத்தையும் பார்த்தார். தான் எடுத்த டின் படங்களை அச்சடித்துக் கோப்பில் வைத்திருந்தார். ஊரார் ஏன் பயப்படுகிறார்கள் என்று தனக்குத் தெரியும், இந்தப் பதினொன்றையும் படங்களையும் வைத்து ஏற்றுக்கொள்ளலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு கடிதத்தைக் கையில் எடுத்து, முறைப்படி ஒரு தடவை வாசித்துவிடுகிறேன், ஒவ்வொன்றும் சரிதானா என்று சொல்லுங்கள் என்றார்.

எழுத்துத்தான் மாமாவுக்குத் தெரியாது. காது நன்றாகவே தெரியும்.

அவர் நிதானமாக வாசித்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் மாமா "அவுனு மேடம்" என்றார், ஆமாம் என்று. வழக்கம், அவுனு. பிண்ணாக்கு, அவுனு. நான் நடுவில் புகுந்து ஏதாவது பேசிவிடலாமா என்று யோசித்தேன். தண்ணீர் கேட்கலாம். இந்த இடத்தில் எழுதும்போது ஒரு தப்பு நேர்ந்துவிட்டது மேடம், அவர் என்னிடம் சொல்லத்தான் செய்தார் என்று சொல்லலாம். ஒரு மூச்சுக்கான வாக்கியம் அது. நான் சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்த வரியை வாசித்தார்.

மாமாவின் "அவுனு" உடனே வரவில்லை. என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. மேஜைமேல் இருந்த டின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தலையை நிமிர்த்தி, "இவர் கேட்டுமா சொல்லவில்லை?" என்று மறுபடி கேட்டார்.

"அவுனு மேடம்" என்றார் மாமா. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் பல தடவை கேட்டது, நான்தான் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன், தப்பு என்னுடையது என்று தெலுங்கில் கோர்வையாகச் சொன்னார். நான் எழுதாத பொய்யையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. ஒரு பெண் கஷ்டப்பட்டுப் படித்து ஒரு தொழில் செய்கிறது, சொந்தக்காரராக இருந்துகொண்டு அதன் பிழைப்பில் மண் போடலாமா, நாளைக்கு இதன் பெயர் கெட்டால் நீங்கள் வந்து வாங்கித் தருவீர்களா என்று கேட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், பேத்தி எடுத்தவர், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்காக ஒருவர் இவ்வளவு பரிந்து பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெளியே வந்து டீ குடித்தோம். அவர் எனக்கும் சேர்த்து ஒரு பன் வாங்கினார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தார். மாந்தோப்புகள் வந்து போயின. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

அவர்தான் பேசினார். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில்.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிக்கினு எழுதியிருந்தா, நானே அப்படித்தாம்மா எழுதச் சொல்லியிருப்பேன்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். என்ன சொல்ல வந்தேன் என்று இப்போது நினைவில்லை.

"உங்க அக்காகிட்ட இத்த சொல்லிக்கினு இருக்காத" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று தெரியாது.

மில் பிழைத்துவிட்டது. பதிவில் இப்போது இரண்டும் இருக்கின்றன, எண்ணெய் செய்து விற்பதும் கூலிக்கு ஆட்டுவதும். பழைய பாக்கியைத் தவணையில் கட்டுகிறார். ஆட்டும் ஒவ்வொரு மூட்டைக்கும் பில் உண்டு, பிண்ணாக்குக்கு விலை போட்டு அதில் எழுதுகிறார்கள். பில் என்றதும் பாதிப் பேர் எல்லை தாண்டி, தமிழ்நாட்டில் பள்ளிப்பட்டுப் பக்கம் ஆட்டிக்கொள்ளப் போய்விட்டார்கள். போனவர்களில் எங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர்.

அக்கா எங்கே போனாலும் இதைச் சொல்கிறாள். போன மாதம்கூட ஒரு காதுகுத்து வீட்டில் பத்துப் பேர் முன்னால், "என் தங்கச்சி மட்டும் இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான் நின்னுக்கினு இருப்போம்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் பரிமாறப் போனார். ஒவ்வொரு தடவையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வருகிறது. சொல்லாதே என்று அவர் சொன்னதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு முழுங்கிவிடுகிறேன்.

மாமா கணக்கை வேறு யாரிடமும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாதாமாதம் நான் காகிதங்களோடு மில்லுக்குப் போகிறேன். இப்போதெல்லாம் அவர் கேட்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். அவர் நின்றுகொண்டே, செக்கில் பருப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்கிறார். என்ன எழுதியிருக்கிறேன் என்று இந்த இரண்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பாதி வாசிக்கும்போதே கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவுக்காக நீட்டுகிறார்.